பதினாறாம் வளைவுக்கு நான் போகவில்லை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், அது பெட்ரோலில் ஓடுமா டீசலில் ஓடுமா என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். ஏற்காட்டில் இருபத்தைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். லைட் எரிந்தால் ஒயரில் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த தத்துவம். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் இதை நான் மறைத்தது பயத்தினால் இல்லை, வெட்கத்தினால்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ஸ்பேனர் முதல் ஸ்கேனர் வரை எல்லாவற்றிலும் முந்தின நாள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. லீவுக் கூட்டம், வெளியூர்க் கார்கள் கடை வாசலில் வரிசையாக நின்றன. நடுவில் மஞ்சக்குட்டை கிராமத்து வெள்ளையன் தன் பழைய பெட்ரோல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். காப்பியும் ஆரஞ்சும் போடுகிற விவசாயி, அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"அண்ணா, மஞ்ச லைட்டு எரியுதுங்க. வண்டிக்குள்ள ஒரே பெட்ரோல் வாடை. ஊட்டுக்காரிக்கு வீசிங் நொம்ப அதிகமாயிருச்சு, மத்தியானம் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். கொஞ்சம் பாத்துக் குடுங்க."

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகினேன். நூற்று எழுபத்திரண்டு என்று கோளாறு எண் வந்தது. கலவையில் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். அதற்கு ஏழெட்டுக் காரணம் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் போய்விடும். ஆனால் மலை மெக்கானிக்குகளிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு, மலையில் காற்று லேசு, அதனால்தான் அப்படிக் காட்டுகிறது என்று. கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. இப்போது காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ள வண்டியிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, இது எனக்கு நன்றாகவே தெரியும்.

"மலைக்காத்து வெள்ளையா. அடிவாரம் போனாச் சரியாயிரும்" என்று சொல்லி, ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்தேன். லைட் அணைந்தது. "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். இவன் எங்கே போய்விடப் போகிறான், வெளியூர்க்காரன்தான் காத்திருக்க மாட்டான் என்பது என் கணக்கு. சொல்லவே நாக்கு கூசுகிறது.

மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. எதிர்க் கடை தெரியவில்லை. வந்த கார்கள் எல்லாம் போய்விட்டன, நான் மட்டும் இருந்தேன். மேஜை மேல் கிடந்த ஸ்கேனர் திடீரென்று எரிந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அந்த ஸ்கேனருக்குள் பேட்டரியே கிடையாது. வண்டியில் செருகினால்தான் அதற்கு உயிர். அதன் ஒயர் என் கண் முன்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

திரையில் நூற்று எழுபத்திரண்டு. அழித்தேன், மறுபடி வந்தது. கீழே வண்டியின் வேகம் சைபர், இன்ஜின் சுற்று சைபர். சூடு மட்டும் எண்பத்தெட்டு, எண்பத்தேழு என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது. எந்த வண்டி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கோ ஒரு வளைவில் பெட்ரோலில் பிளக் நனைந்து வண்டி நின்றுவிட்டது, இன்ஜின் ஆறிக்கொண்டிருக்கிறது, உள்ளே அந்தப் பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? பைக் வாசலில் நின்றது. டூல் பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் வெள்ளையனுக்கு ஒரு தடவை போன் போட்டேன், கிடைக்கவில்லை. கடமை முடிந்தது என்று கீழே வைத்துவிட்டேன். போய் நின்றால் காலையில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும், மலை முழுக்க என் பேர் நாறிவிடும், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபது, அறுபத்தைந்து, அறுபது. மனிதன் செய்கிற காரியமா இது?

ஐம்பத்தாறில் இன்ஜின் சுற்று சைபரிலிருந்து எண்ணூறுக்கு ஏறியது, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. கோளாறு எண் தானாக அழிந்தது. ஸ்கேனரும் அணைந்துவிட்டது.

நாலு நாள் கழித்து வெள்ளையன் மனைவி செல்வியோடு வந்தான், கையில் ஒரு பை ஆரஞ்சு. செல்வி தெளிவாக இருந்தாள். அவளை உயிரோடு பார்த்த பிறகுதான் பையைக் கையில் வாங்கினேன்.

"பதினாறாம் வளைவுல நின்னுபோச்சுங்கண்ணா. மேகத்துல ஒருத்தரும் வண்டிய நிறுத்தல. சிக்னல் தேடி நான் கீழ ஓடுனேன், திரும்பி வந்து பாத்தா வண்டி ஓடிட்டு நிக்குது. நீங்க வந்தீங்கன்னு இவதான் சொன்னா. இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா இவ இல்லீங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

நான் போகவில்லை. சாமி சத்தியமாக நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நேராகப் போய் வேனின் முன் சீட்டைத் தூக்கினேன், அந்த வேனுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான். காற்றை அளந்து சொல்கிற சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயின் வெடித்த நுனியைப் பிளேடால் வெட்டிவிட்டு, மறுபடி செருகி, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. நான் இடது கைக்காரன், கம்பியை எல்லோரும் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கம் முறுக்குவேன். அது அப்படித்தான் முறுக்கியிருந்தது.

வெள்ளையன் எதிர்க் கடைக்கு டீ சொல்லப் போனதும் செல்வி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்கண்ணா, அன்னிக்கு முன்சீட்டத் தூக்கி, என்ற மூஞ்சிக்கு நேராக் குனிஞ்சு வேல பாத்தீங்க, ஒரு வார்த்த பேசல. போறப்ப மட்டும் 'மன்னிச்சுக்க கண்ணு'ன்னீங்களே, எதுக்குங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "வர நேரமாயிருச்சில்ல கண்ணு, அதுக்குத்தான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"பைக்கு ஒண்ணும் காணோம், மேகத்துக்குள்ள மேல பாத்து நடந்தே போனீங்க. எந்நேரம் வந்து சேந்தீங்க?"

"இருட்டறதுக்குள்ள வந்துட்டேன் கண்ணு."

வெள்ளையன் வருடா வருடம் ஆரஞ்சு கொண்டுவருகிறான், பார்க்கிறவர்களிடம் எல்லாம் என்னைத் தெய்வம் என்கிறான், நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆரஞ்சில் ஒன்றைக்கூட நான் உரித்ததில்லை. மேகம் இறங்கும் சாயங்காலங்களில் ஷட்டரைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறேன், வீட்டில் கேட்டால் குளிர் தாங்கவில்லை என்கிறேன். பதினாறாம் வளைவிலிருந்து என் கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தவன் இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?