தனபாக்கியத்தின் மீன் நல்ல மீன்

கரீம் போய்விட்டான்.

காலையில் அவன் மகன் போன் செய்தான். "மாமா... அத்தா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

வயதாகிவிட்டது, என்னைப் போலவே. அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு.

போனை வைத்துவிட்டு முகநூலைத் திறந்தால், பிரெஞ்சுக் காலத்தைப் பற்றிக் கண்காட்சி நடத்துகிறவர்களின் இரங்கல் குறிப்பு. 'எங்கள் கண்காட்சியின் அன்பான பார்வையாளர் மறைந்தார்.'

பார்வையாளர்!

அந்தக் கண்காட்சியில் டிவியில் திரும்பத் திரும்ப ஓடுகிற படத்தை எடுத்தவனே அவன்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்கள் விட்டுப்போகும் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பது கரீமின் அத்தாவுக்குத் தொழில். அப்படி வந்த ஒரு பெட்டியில் சினிமா கேமரா, ப்ரொஜெக்டர், கொஞ்சம் பழைய பிலிம். பெட்டியின் மேல் யாரோ ஒரு பிரெஞ்சுக்கார முசியேயின் பெயர்.

நாங்கள் கல்லூரியில் இருந்தோம். புரியாத புத்தகங்களாகத் தேடிப் படிப்போம். கதை இல்லாமல், முகம் இல்லாமல் ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொன்னான் கரீம். பெயர் 'சிவப்பு'.

"பிலிம் கருப்பு வெள்ளைடா," என்றேன்.

"அதான்டா படமே. சிவப்பைக் காட்டாமயே சிவப்பு. பாக்கறவன் மனசுல வரட்டும்."

போலீஸ்காரரின் சிவப்புக் கெப்பித் தொப்பி. காயும் மிளகாய். வெற்றிலை போட்ட வாய். கடைசியாக மார்க்கெட்டில் மீன்.

மீன் விற்ற தனபாக்கியம் அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாடா அது டப்பா? மீனு வாங்கற மூஞ்சியா இது?"

"படம் புடிக்கிறோம்க்கா. செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

"என்னை எடுக்காம மீனோட செவுளை எடுக்கறியா? நல்லா படிச்சீங்கடா!"

சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. அன்று விடிகாலையில் கரைக்கு வந்த மீன்.

பிலிமை மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினோம். சிவப்பு கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று, எல்லோரையும் ஒரு மத்தியானம் அத்தாவின் குடோனுக்கு அழைத்தான் கரீம். ஜன்னல்களை மூடி, வேட்டியைத் திரையாகக் கட்டி...

அந்தப் பழைய பிலிமில் சிவப்பு பதியாது என்பது எங்களுக்குத் தெரியாது. சிவப்பெல்லாம் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது. தொப்பி கருப்பு. மிளகாய் கருப்பு. வாய் ஒரு பொந்து. கரீம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய படம் அது.

பிறகு செவுள் வந்தது. கருப்பாக.

கருத்த செவுள் என்றால் கெட்ட மீன். மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

மிளகாய்க்காரர் உடனே ஆரம்பித்துவிட்டார். "இன்னா தனபாக்கியம், இதைத்தான் எங்க தலையில கட்டறியா?"

அக்கா எழுந்துவிட்டார். "டேய், எம்மீனை நாறல் மீனாக்கிட்டீங்களேடா! செவப்பாத்தானே காட்டுனேன்? நீதானே பாத்த?"

கரீம் கலையைப் பற்றி விளக்கத் தொடங்கினான். நல்லவேளை, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இன்னிக்கு இவன் சிரிக்கிறான். நாளைக்கு மார்க்கெட்டே சிரிக்கும். என் கூடையாண்ட யாரு வருவா? நல்ல மீனுன்னு அதுலயே எழுது."

"எழுதறேன்க்கா. இந்தப் படம் எங்க ஓடினாலும் அது இருக்கும்."

ஒரு சிலேட்டில் எழுதி, மீதியிருந்த பிலிமில் அதைப் படம்பிடித்து, கடைசியில் ஒட்டினான். அதே ஆட்களைக் கூப்பிட்டு மறுபடியும் போட்டான்.

"இன்னா எழுதிக்கீது, படி," என்றார் அக்கா. படித்தான்.

"இன்னொருக்கா படி. அந்த மொளகாக்காரன் காதுல விழட்டும்."

அதற்குப் பிறகு கரீம் படம் எடுக்கவில்லை. ஆபீஸ் வேலை, லாஸ்பேட்டையில் வீடு, ஒரு ஸ்கூட்டர். குடோனைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு அந்தப் பெட்டியும், அதற்குள் இருந்த எங்கள் படமும் கைமாறிப் போயிருக்கின்றன.

போன வருடம் கண்காட்சியில் பார்க்கிறோம்... எங்கள் படம். எடுத்தவர் பெயர், பெட்டியின் மேலிருந்த அந்த முசியேயின் பெயர். கீழே விளக்கம்: அக்கால உள்ளூர்ச் சந்தைகளின் சுகாதாரக் கேடு, அழுகிய மீன் விற்பனை.

அழுகிய மீன்.

கரீம் அங்கிருந்த பொறுப்பாளரிடம் போனான். சின்ன வயசுக்காரர்.

"தம்பி, கடைசில ஒரு சிலேட்டு வருமே, எங்க?"

"ஆமா சார், தமிழ்ல ஏதோ இருந்துச்சு. படத்தோட மேட்ச் ஆகல. எடிட்ல தூக்கிட்டோம்."

"அதை எழுதினவன் நான். படமும் நான் எடுத்ததுதான்."

"ப்ரூஃப் ஏதாவது இருக்கா சார்?"

ப்ரூஃப்! முசியேயிடம் கேட்டார்களா? கப்பலேறிப் போனவருக்குப் பெட்டியில் இருந்த பெயர் போதும். எதிரில் நிற்கிறவனுக்கு ப்ரூஃப் வேண்டும்.

நான் கத்தினேன். கரீம் கத்தவில்லை.

"எம்பேரு வேணாம் தம்பி. அவரு பேரே இருந்துட்டுப் போகட்டும். அந்த சிலேட்டை மட்டும் திரும்பப் போட்டுடுங்க. ஒரு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கமிட்டில சொல்றேன் சார்."

அதற்கப்புறம் கரீம் அடிக்கடி போனான். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு. படம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு எனக்கு போன் செய்வான்.

"இன்னும் போடலடா."

அன்பான பார்வையாளர்...

கமிட்டி கூடும்போது கூடட்டும். நான் இங்கே, முகநூலிலேயே போடுகிறேன். சிலேட்டில் இருந்தது இதுதான்:

'இதில் வருவது தனபாக்கியத்தின் மீன். இன்று காலை பிடித்தது. செவுள் சிவப்பு. நல்ல மீன்.'

போட்டாச்சு கரீம். போய் வாடா.