கீப்பருக்கு வைத்த முதற்பிரதி

எண்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனையில் நாங்கள் ஓர் உதைபந்தாட்டக் கழகம் வைத்திருந்தோம். கழகம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். கடற்கரைப் பக்கம் ஒரு மணல் மைதானம், தையல் பிரிந்த பந்து, நாங்கள் 'சேர்' என்று அழைத்த பயிற்சியாளர், அவ்வளவுதான். நான் இடதுபக்கப் பின்வரிசை. ஓட்டம் சுமார், வாய் மட்டும் நல்ல வேகம்.

எங்கள் கோல் கீப்பர் பக்கத்து ஊரான பாண்டிருப்புத் தமிழ்ப் பொடியன். மற்ற எல்லோரும் முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பயிற்சிக்கு இறங்குவோம். அவனுக்கு நோன்பு ஏது? ஆனாலும் மைதானத்தில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டான். "நீங்க காஞ்சி கிடக்க நான் மட்டும் குடிக்கிறதா? போங்கடா" என்பான். நோன்பு திறக்கும்போது சேர் முதல் பேரீச்சம்பழத்தை அவன் கையில்தான் வைப்பார். நாங்கள் கூச்சல் போடுவோம். "நமக்குக் கடமை, பசி கிடந்தம். அவன் கடமையில்லாமக் கிடந்தவன். அவன்தான் முதல்" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவார்.

முழங்கால் பழுதாகி ஓட முடியாமல் போனபின் சேர் எழுத உட்கார்ந்தார். தலைமை என்றால் என்ன, குணம் என்றால் என்ன என்று மைதானத்தில் கண்டதையெல்லாம் எழுதினார். முதல் அத்தியாயமே தண்ணீர் குடிக்காத எங்கள் கீப்பர்தான். அதை வாசித்துக் காட்டியபோது அவன் வெட்கத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரு வாரம் அவனைக் கிண்டல் பண்ணியே கொன்றோம்.

புத்தகம் அச்சாகி வெளியீட்டு விழா வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதற்பிரதியை ஊரில் பெரிய முதலாளி ஒருவர் வாங்குவார், அவர் பெயர் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் வரும். சேர் கேட்கவில்லை. முதற்பிரதி கீப்பருக்குத்தான் என்று அடம்பிடித்து, அவன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் போட்டு அச்சடித்தார். அழைப்பிதழைத் தேநீர்க்கடைச் சுவரெல்லாம் நாங்கள் பசை பூசி ஒட்டினோம். எங்களுக்கு அவ்வளவு பெருமை.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது இரண்டு சமூகத்துக்கும் இடையில் சண்டை மூண்டது. கடைகள் எரிந்தன, பாதை வெறிச்சோடியது. அந்த நாளில் மற்றப் பக்கத்தானோடு சிரித்துக் கதைத்தாலே துரோகி. எங்கள் பக்கமும் அப்படித்தான், அவர்கள் பக்கமும் அப்படித்தான்.

விழாவைத் தள்ளிவைப்பது பற்றிக் கதைக்க நான் சேர் வீட்டுக்குப் போயிருந்த பகல் பொழுதில், கடற்கரை வழியாகத் தனியே நடந்து கீப்பரின் தாய் வந்தா. காலெல்லாம் மணல், கையில் கசங்கிய அழைப்பிதழ்.

"சேர், நேத்து எங்கட பக்கத்து ஆக்களே நாலைஞ்சு பேர் வந்தானுகள். இந்த அழைப்புக் காட்டக் காட்டித்தான் கேட்டானுகள், அங்க உனக்கு விழா எடுக்கிற அளவுக்கு என்ன வேலடா செஞ்சு குடுத்த எண்டு. கூட்டிப் போன புள்ள இன்னும் வரல்ல. அவன் பந்து மட்டும்தான் புடிச்சவன் எண்டு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சேர்."

சேர் யாரிடம் சொல்வது? அவர் பேசினால் அது அவனுக்கு எதிரான இன்னொரு சாட்சியாகிவிடும். அது அந்தத் தாய்க்கும் விளங்கியிருக்க வேண்டும். அழைப்பிதழை மேசையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனா. நூறு பேருக்கு முன்னால் முழங்குகிற மனுசன், அவ போன பக்கத்தையே பார்த்தபடி "யா அல்லாஹ், நானே காட்டிக் குடுத்திட்டனே" என்று நெஞ்சிலடித்து அழுதார்.

இரண்டு பக்கமும் போய்வரக்கூடியவர் மெதடிஸ்த போதகர் ஒருவர்தான். சேர் அவர் காலில் விழாத குறை. அவர் பலமுறை போய் விசாரித்தார். ஒவ்வொரு முறையும் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். கொண்டுபோனது யார், எங்கே வைத்தார்கள், என்ன செய்தார்கள், ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

விழா நடக்கவேயில்லை. கழகமும் அதோடு முடிந்தது. புத்தகக் கட்டுகள் சேரின் வீட்டு அறையில் கயிறு அவிழ்க்காமலே கிடந்தன. சில வருடம் கழித்து, கட்டுகளில் கறையான் ஏறியிருப்பதைக் கண்டு மனம் கேட்காமல், எனக்கு ஒன்று தாருங்கள் சேர் என்றேன்.

"முதல் புத்தகம் இன்னும் குடுபடல்ல மனே. ரெண்டாவத எப்பிடித் தாற?" என்றார்.

அவரும் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். அந்தப் புத்தகத்தை வெளியில் எவரும் வாசித்ததில்லை. அன்பில் ஒருவனுடைய பெயரைச் சுவரில் ஒட்டுவதும் அவனைக் கொல்லும் என்று அதில் எழுதியிருக்கவும் மாட்டார், பாவம். எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நோன்பிலும் பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தை எடுக்கக் கை போகும்போது, இது என்னுடையதல்லவே என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறேன்.