குடிக்காதவனின் கல்லீரல்

என் தம்பி முப்பது வயதுக்கு மேல் வளர ஆரம்பித்தான். உயரம் கூடவில்லை. கை, கால், தாடை, மூக்கு, நாக்கு எல்லாம் பெருத்தன. கல்யாண மோதிரத்தை ஈப்போவில் ஒரு பத்தர் அறுத்துத்தான் எடுத்தார். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் எஸ்டேட்டை முதலாளிகள் துண்டு போட்டு விற்ற பிறகு அவன் லாரியில் மூட்டை ஏற்றப் போனான். மூட்டை தூக்கித்தான் கை பெருத்தது என்று எல்லாரும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டோம். பார்வை ஓரங்களில் மங்கத் தொடங்கிய பிறகுதான் டவுனுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு பெரிய டாக்டர் சரியாகவே கண்டுபிடித்தார். மூளைக்கு அடியில் சின்னக் கட்டி. அதனால் வளர்ச்சிக்கான ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கட்டி கண் நரம்பையும் அழுத்துகிறது. கோலாலம்பூரில் எடுத்துவிடலாம், தள்ளிப்போடக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கல்லீரலை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

அந்த டாக்டர் தமிழர். ஆனால் தோட்டத்து ஆட்களிடம் மலாயில்தான் பேசுவார். தமிழில் பேசினால் வெள்ளைக் கோட்டில் ரப்பர் பால் ஒட்டிவிடும் என்று பயமோ என்னவோ. தம்பியின் விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சிழுக்கச் சொன்னார். தட்டிப் பார்த்தார். கல்லீரல் பெருத்திருந்தது. "மினும் சம்சு, யா?" என்றார். மலிவுச் சாராயம் குடிக்கிறாய்தானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"கல்யாண வீட்டுலகூட இவன் பார்லித் தண்ணிதான் குடிப்பான், டாக்டர்" என்றேன். சிரித்தார். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அதையும் அவர் மதிக்கவில்லை. குடியை விட்டு, கல்லீரல் சுருங்கியதும் வரட்டும், பிறகு ஆபரேஷனுக்கு அனுப்பலாம் என்றார். நான் கத்தினேன். "இந்த அக்காவத்தான் மொதல்ல தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்லா" என்று ஊழியர் ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது.

கை வளர்கிறது, கால் வளர்கிறது, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. கல்லீரல் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே இருக்குமா? அந்தப் படித்த மண்டைக்கு இது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை; ஆனால் அதற்காக எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே.

எங்கள் ஆட்கள் டாக்டரையே மிஞ்சினார்கள். தம்பி மனைவி அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் போத்தல் தேடினாள். குடியை விடுகிறவர்கள் சபைக்கு முன்னால் வந்து சாட்சி சொல்வது எங்கள் கோயிலில் வழக்கம். "தம்பியும் சொல்லட்டும், டாக்டருக்கும் நம்பிக்கை வரும்" என்றார் போதகர். தம்பிக்குக் கண் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்று, வாழ்நாளில் தொடாத சம்சுவை இனித் தொடமாட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னான். அல்லேலூயா என்றார்கள். குடிக்காதவனைத் திருத்திய பெருமை வேறு எந்த ஊருக்குக் கிடைக்கும்!

கல்லீரல் சுருங்கவில்லை. எப்படிச் சுருங்கும்? "திருட்டுத்தனமா குடிக்கிறான்லா" என்றார்கள், அல்லேலூயா சொன்ன அதே வாய்கள். மாதங்கள் போயின. தம்பி கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தான்.

கடைசியில் புதிதாக வந்த ஒரு சீன டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இந்த நோயில் உள்ளுறுப்புகளும் பெருக்கும், கல்லீரல் பெரிதுதான், ஆனால் நன்றாகவே இருக்கிறது என்றார். ஒரு காலைப்பொழுதில் முடிந்த வேலை. கோலாலம்பூரில் கட்டியை எடுத்தார்கள். ஓரங்களில் போன பார்வை போனதுதான்.

திரும்பி வந்து டவுன் வார்டில் படுத்திருந்தபோது அந்தக் கல்லீரல் டாக்டர் வந்தார். கட்டிலை ஒட்டி, தம்பியின் தோளருகே நின்றுகொண்டு, முதல் தடவையாகத் தமிழில் பேசினார்: "பாத்தியா, குடிய விட்டது நல்லதாப் போச்சு."

தம்பி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே என்னைக் கேட்டான்.

"யாரு அக்கா பேசுறது?"