இரண்டாவது கிளட்ச்

அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒரே ஒரு கார், அதன் தலையில் ஒரு பெயர்ப்பலகை, வாடகைக்கு ஒரு சின்ன அறை. ஸ்கூல் என்றால் அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம், ஓட்டப் பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே எங்களைக் காப்பாற்றினார். அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவர் கால் முந்திக்கொள்ளும்.

வீட்டிலும் அப்படித்தான். நான் எழுவதற்குள் காரைக் கழுவி, என் யூனிஃபார்மைத் தேய்த்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்திருப்பார். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே இவருக்குத் தெரிந்துவிடும். அம்மா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்தவர் அவர்தான். அச்சகத்தில் அவருக்கு 'அஞ்சரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஹாரன் கேட்டால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால், நான் எதுக்கு இருக்கேன் என்பார்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர். எனக்கு வெளியூரில் வேலை கிடைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். என் பெண்ணை டிரைவர் வேலைக்கா படிக்க வைத்தேன் என்று போனிலேயே சண்டைக்கு வந்தார். ஒரு மாதம் பார்ப்பது, அதற்குள் அம்மா ஓட்டப் பழகாவிட்டால் நான் வந்துவிடுவது என்று முடிவானது. அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட ஒப்புக்கொண்டார்.

அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இருபதாம் நாள், அம்மா தேறிவிட்டாள் என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. லீவு போட்டுப் போனேன். என்னைப் பின்னால் உட்காரவைத்து அம்மா வண்டியை எடுத்தாள். அன்று அப்பாவின் கால் வீங்கி, செருப்பே நுழையவில்லை. முதல் சிக்னலில் வண்டி குலுங்கி நின்றது. கிளப்பினாள். மறுபடி நின்றது. மூன்றாவது முறை அம்மா தெருவைப் பார்க்கவில்லை, குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"இருபது நாளா யாருங்க வண்டி ஓட்டினது?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. எப்படியோ ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தாள்.

"நீங்க இல்லாதப்ப இது நின்னா, நான் யாரைக் கேக்கறது?"

அப்படி ஒரு நாள் வரும் என்று எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா வீங்கிய காலைக் கையால் தூக்கி, இன்னொரு காலையும் மடக்கி, இருக்கை மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினோம். வண்டி நின்று, பின்னால் நழுவப் பார்த்தது. அம்மா ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னால் ஒரே ஹாரன். அப்பா, லாரியின் முதுகில் எழுதியிருந்ததை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்விரல்கள் மட்டும் இருக்கையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தன. இரண்டு முறை நின்றுபோன வண்டி மூன்றாவது முறை உறுமிக்கொண்டு ஏறியது.

"வண்டிகூட உன் பேச்சைத்தான் கேக்குது."

"ஓட்டறப்ப பேச்சுக் கொடுக்காதீங்க" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். அதன்பிறகு அப்பா பதினான்கு மாதம் இருந்தார். வாரத்துக்கு மூன்று முறை, ஒன்றுவிடாமல் அம்மாதான் கூட்டிப்போய் வந்தாள். அவர் போய் மூன்று மாதமாகிறது. அவரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும், லைசென்ஸ் வாங்கிய புதிதில் அம்மா செய்த ஒரு போன்தான் முன்னால் வந்து நிற்கிறது. ரகசியம் பேசுவதுபோல் பேசினாள்.

"உங்கப்பா தூங்கிட்டாரு. நான் ஓட்டறப்பவே. எழுப்ப மனசு வரல, வீட்டைத் தாண்டி இன்னும் ஒரு சுத்து போயிட்டு வந்துட்டேன்."

இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். வாசலில்தான் என்றாள். அவர் இன்னும் எழவில்லையாம்.