மீட்டரம்மா போடாத கையெழுத்து

கேட்டைத் திறக்கும் முன் நாயிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள் மீட்டரம்மா. “ஐயா, உங்க வேலையை நீங்க பாருங்க. என் வேலையை நான் பாத்துட்டுப் போயிடறேன்.” நாய் உறுமுகிறது. “சரி சரி, கோவிச்சுக்காதீங்க” என்று பக்கவாட்டில் நழுவி உள்ளே போய்விடுகிறாள். இருபத்தாறு வருட வேலையில் இரண்டே கடிதான் வாங்கியிருக்கிறாள். இரண்டும், “ஏதோ யோசனையில மரியாதை குடுக்க மறந்த நாளு.”

மின்சார இலாகாவில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கும் உத்தியோகம். ஆள் குள்ளம். மீட்டர்களோ உயரத்தில். அண்ணாந்து அண்ணாந்தே, தரையில் நடக்கும்போதும் வானத்தைப் பார்த்து நடப்பவள் போல ஆகிவிட்டது அவள் தோரணை. கண்ணாடியை ஊதி, கைக்குட்டையால் துடைத்து, எண்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லித்தான் எழுதுவாள். “நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு...” ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் பாட்டு நம்பர் அறிவிப்பது போலவே இருக்கும். தெருப்பிள்ளைகள், “மீட்டரம்மா, இன்னைக்கு என்ன பாட்டு?” என்று கேட்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “வரிசையா வந்தாங்க. நான்தான் கதவு பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டேன்” என்பாள்.

கோயிலில் அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. ஆராதனையில் பொதுவிண்ணப்பம் வாசிப்பவள் அவள்தான். நோயாளிகளுக்காக, பயணிகளுக்காக, ஆளுகிறவர்களுக்காக, சிறையில் இருப்பவர்களுக்காக. அந்தக் கடைசி வரியைப் பல ஆண்டுகளாக மூச்சு வாங்கக்கூட நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறாள்.

அண்ணனின் ஒரே மகன், செல்போன் கடையில் வேலை பார்த்தவன், ஒரு மாலையில் கடை ஷட்டரை இறக்கும்போது குத்திக் கொல்லப்பட்டான். குத்தியவனுக்கு இருபத்துமூன்று வயது. கடையில் திருட வந்தவன். நீதிமன்றம் தூக்குத்தண்டனை விதித்தது. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. கருணை மனு மட்டும் பாக்கியிருந்தது.

குத்தியவனின் வீடு மீட்டரம்மாவுக்கு ஒதுக்கப்பட்ட தெருக்களில் ஒன்றில் இருந்தது. தெருவை மாற்றிக் கேட்டாள். மேலதிகாரி ஆளில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். உள்ளே அவன் அம்மா மட்டும். பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள், மகன் பெயர் பேப்பரில் வந்ததும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். இரண்டு மாதத்துக்கு மூன்றே யூனிட் ஓடியிருந்தது.

“விளக்கே போடறதில்லையா?”

“வெளிச்சம் தெரிஞ்சா, வீட்ல ஆளிருக்குன்னு தெரிஞ்சிடும்.”

வந்திருப்பது யார் என்று அந்த அம்மாளுக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு கால் ஆடும் ஸ்டூல். மீட்டரம்மா ஏறினாள். ஆடவில்லை. குனிந்து பார்த்தால், அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து ஸ்டூலின் கால்களை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்றைக்கு எண்களை உரக்கச் சொல்லாமலே எழுதிக்கொண்டாள் மீட்டரம்மா.

அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கோயில் முகப்பில் ஒரு மேஜை போட்டார்கள். கருணை மனுவை நிராகரிக்க வேண்டும் என்று அரசுக்குப் போகும் விண்ணப்பம் அதன் மேல் இருந்தது. சபைச் செயலாளர் பேனாவோடு நின்றார். பக்கத்து நாற்காலியில் அண்ணன். ஒவ்வொருவரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மீட்டரம்மாவின் முறை வந்தது. பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகித் திரும்ப வைத்துவிட்டாள்.

“என்னால முடியலண்ணே.”

“அவன் உன்னை வாய் நெறைய அத்தைன்னு கூப்பிட்டான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப போடு.”

செயலாளர் இடையில் புகுந்து, “சட்டமும் கடவுள் ஏற்படுத்தினதுதாம்மா” என்றார்.

“இருக்கலாங்க. ஆனா ஆண்டவரைக் கொண்டுபோய் நிறுத்தினப்பவும் சிலுவையில அறையச் சொல்லி ஒரு கூட்டம் கத்துச்சில்ல? அன்னைக்கு நான் அங்க இருந்திருந்தா என்னன்னு கத்தியிருப்பேன்னு எனக்கே தெரியல. அதான், கூட்டத்தோட சேந்து கத்த பயமா இருக்கு.”

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். “இனிமே என் வாசப்படி மிதிக்காத.”

அடுத்த வாரம் போதகர் அவளைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர். மேஜைமீதிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக்கொண்டே பேசினார். “நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலைம்மா. நேரம் சரியில்ல. விண்ணப்பம் வாசிக்கறதை கொஞ்ச நாள் வேற யாராவது பாத்துக்கட்டுமே.”

“நீங்க கையெழுத்து போட்டீங்களா ஐயா?”

முதல் கையெழுத்தே அவருடையதுதான்.

தூக்கு வேண்டாம் என்று கேட்டு மீட்டரம்மா தானே அரசுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரே பக்கம். ‘நான் கொலையுண்டவனின் அத்தை’ என்று தொடங்கியது. பதிவுத் தபாலில் அனுப்பினாள். எப்படியோ சேதி கசிந்து, ஒரு நிருபர் தேடி வந்தார். “கொலைகாரனை மன்னிச்சிட்டீங்க, இல்லையாம்மா?” என்று தலைப்பைக் கையோடு கொண்டு வந்தவர்போலக் கேட்டார்.

“யாரு சொன்னா? அவன் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. தினமும் ஜெபத்துல உக்காந்து, மன்னிக்க முடியலன்னுதான் சொல்லிட்டிருக்கேன். அது வேற, கொல்லுங்கன்னு கேக்கறது வேற.”

நிருபர் எழுதாமலே போய்விட்டார்.

அதன்பின் அவளுடைய தெருக்களில் ஒரு மாற்றம். கதவுகள் திறப்பதில்லை. வாசலில் அவள் குரல் கேட்டதும் உள்ளிருந்தே எண்ணைக் கத்திவிடுவார்கள். கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. பூட்டாத கதவின் முன் நின்று, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு நகர்வாள். அண்ணன் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வருடம் அண்ணனின் குரலை அவள் எண்களாக மட்டுமே கேட்டாள். “இதாவது கெடைக்குதே” என்று ஒருமுறை சக ஊழியையிடம் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினாள்.

கருணை மனு நிராகரிக்கப்பட்டது. ஒரு புதன்கிழமை விடிகாலையில் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டபோது கையில் பாதி குடித்த டம்ளர். அதை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். அன்று அவளுக்கு வேறு தெரு. இருந்தும் அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் போனாள். கதவு திறந்தே கிடந்தது.

“மூஞ்சிய ஒரு தடவை பாக்க விடுங்கன்னு கேட்டேன்” என்றாள் அந்த அம்மாள். “ஜெயிலுக்குள்ளயே பொதைச்சிட்டாங்களாம்.”

மீட்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மத்தியானம்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மறுநாள் ஒரு தாள் கிடைத்தது. ‘துக்கம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அதே நாள் அண்ணன் தெரு. வழக்கம்போல வாசலில் நின்று, “ரீடிங்!” என்றாள். எண் வரவில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அண்ணன் நின்றிருந்தார். ஒரு வாரத் தாடி. வீட்டுக்குள் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தண்டனை நிறைவேறியதென்று வந்து வாழ்த்திவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகள் இன்னும் வட்டமாகவே கிடந்தன.

“எல்லாரும் சொன்னாங்கம்மா” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இது முடிஞ்சிட்டா தூக்கம் வரும்னு.”

அவள் நோட்டை மூடினாள்.

“வரல.”

மீட்டர் அவருக்குப் பின்னால் இருந்தது. மீட்டரம்மா அதைப் பார்க்கவில்லை. அண்ணன் சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. கையிலிருந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் துளையில் சரியாக மாட்டத் தொடங்கினாள். அவர் சின்னப் பிள்ளைபோல மோவாயைத் தூக்கிக் காட்டியபடி நின்றார்.