மாவுத் தூளி

சண்டை வந்து மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. சேலத்தில் ஆலை போட்டு மரவள்ளிக் கிழங்கிலேயே அதைச் செய்கிறார்களாம் என்று கேட்டபோது ராசிபுரத்துப் பக்கத்து மாரக்காள் நம்பவில்லை. "மண்ணுக்குள்ள கெடக்கறது முத்தாட்ட வருமாக்கும்" என்று சிரித்தாள். கிழங்கு போடுகிற குடியானவர் வீட்டுப் பெண்களை ஒருநாள் வந்து பார்த்துப்போகும்படி ஆலைக்காரர் சொல்லியனுப்பியதும், முதல் ஆளாக வண்டியேறி உட்கார்ந்தவளும் அவளேதான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. மற்றபடி ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஊரில் யார் வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் போட்டாலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். பக்கத்து வீட்டுச் சின்னாயியின் பேரனுக்கு வருகிற வெள்ளிக்கிழமை தொட்டில். வண்டியில் எல்லாரிடமும் வாய் ஓயாமல் அதைச் சொல்லிக்கொண்டு வந்த சின்னாயி, மாரக்காள் பக்கம் திரும்பும்போது மட்டும் மழையைப் பற்றிப் பேசினாள். மாரக்காளும் சளைக்காமல் மழையைப் பற்றியே பேசினாள். மனசு வலித்தது என்னவோ உண்மை.

மேஸ்திரி தங்கமுத்து ஆலையைச் சுற்றிக் காட்டினார். தோலுரித்த கிழங்கை அரைத்துப் பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய ஈர மாவை வெட்டியெடுத்தார்கள்.

"இது முத்தாகறது எப்படீங்க?" என்றாள் மாரக்காள்.

அவர் அடுத்த கொட்டகைக்குக் கூட்டிப்போனார். உத்தரத்தில் வரிசையாகத் துணித் தூளிகள், ஒவ்வொன்றிலும் மாவு. பெண்கள் குலுக்கி ஆட்ட ஆட்ட, மாவு உருண்டு முத்து முத்தாகத் திரண்டது. மாரக்காள் தன்னையறியாமல் பின்வாங்கினாள். தூளி என்றால் ஒதுங்கி நிற்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

மூலையில் இருந்த இன்னொரு தூளியிலிருந்து குழந்தை வீறிட்டது. முழங்கை வரை மாவோடு நின்ற ஒருத்தி மாரக்காளைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, எம்புள்ளையக் கொஞ்சம் ஆட்டி உடுங்க. நான் கையெடுத்தா மாவு கட்டி தட்டிப்போயிரும்."

மாரக்காள் திரும்பிப் பார்த்தாள். சின்னாயி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனக்குப் பிள்ளை இல்லையென்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. குழந்தை மறுபடி அழுதது. அவள் சொல்லவில்லை. போய்த் தூளியைப் பிடித்தாள்.

மற்றவர்கள் வறுக்கிற அடுப்பையும் காயப்போடும் களத்தையும் பார்க்கப் போனார்கள். அவள் போகவில்லை. ஜவ்வரிசி பார்க்க வந்ததே மறந்துவிட்டது. ஆட்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலமாயிற்று.

களத்திலிருந்து திரும்பிய சின்னாயி, அவளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு, "ஏனுங்க மாரக்கா, வெள்ளிக்கெழம நீங்களும் வந்து நம்ம பேரன ஆட்டி உடோணுமுங்க" என்றாள், கொஞ்சம் உரக்கவே.

மாரக்காள் திரும்பாமலே உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாப் பேசுங்க சாமி. இப்பத்தான் கண்ணசருது."