கிளிக்கூண்டும் நட்சத்திர வயரும்

1966 டிசம்பர் முதல் ஞாயிறன்று, தாராவியில் எங்கள் அறை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினேன். அன்றைய நாட்குறிப்பில் நேரம்கூட இருக்கிறது: மாலை ஐந்தேகால். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சந்தில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாமே டிசம்பர் பிறந்ததும் நட்சத்திரம் கட்டிவிடும். மூங்கில் சிம்பை வளைத்து, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு பல்ப். சந்து முனையில் திரும்பும்போதே கண்ணில் பட வேண்டும். எங்கள் வாசலில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நிலைக்கு மேலே உத்தரத்தில் அடித்த இரும்புக் கொக்கி. அதில் மூன்று வருடமாகக் கிளிக்கூண்டு தொங்கியது.

ஒரே கொக்கியில் இரண்டையும் மாட்டினேன். வெளிப்பக்கம் நட்சத்திரம், உட்பக்கம் கூண்டு. வயர் காற்றில் ஆடக் கூடாதென்று அதைக் கூண்டின் கம்பியோடு சேர்த்து நான்கு இடத்தில் சணலால் கட்டினேன். அளந்து, சம இடைவெளி விட்டு.

எங்கள் வரிசையில் மீட்டர் ஒரே ஓர் அறையில்தான் இருந்தது. மற்ற அறைகளுக்கு அங்கிருந்து பலகைத் தடுப்புகளைத் துளைத்து வயர் வரும். எங்கள் அறைக்குள் நட்சத்திரத்துக்கென்று தனி சுவிட்சை நானே பொருத்தினேன். மாதுங்காவில் ஒரு நூலகத்தில் வீட்டு மின்சாரம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு தடவை படித்திருந்தேன். இரண்டு வயரில் ஒன்றை வெட்டி, இடையில் சுவிட்சை வைத்தேன். கீழே தட்டினால் எரிந்தது, மேலே தட்டினால் அணைந்தது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிளிக்கு ஒரு வார்த்தைதான் தெரியும். "ஸ்தோத்திரம்." என் மனைவி கற்றுக்கொடுத்தது. ஏழு வயது மகள் பள்ளிவிட்டு வந்து, சந்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு வாசலுக்கு ஓடிவருவாள். கிளி "ஸ்தோத்திரம்" என்னும். இவளும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லி, படியில் எக்கி நின்று கம்பிக்குள் விரலை நீட்டுவாள். கிளி அந்த விரலை அலகால் ஒரு தடவை பற்றிவிட்டு விடும். கடித்ததே இல்லை. பையை இறக்கி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எட்டாம் தேதிக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "கூண்டின் அடித்தட்டில் அரக்கு நிற நூல் பிசிறுகள்." கூண்டை மூடும் பழைய சேலையும் அரக்கு நிறம். சேலை நைந்துவிட்டது என்று நினைத்தேன். வயரின் மேலிருந்த நூல் பின்னலும் அரக்கு நிறம்தான் என்பது நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதத்து இரண்டாவது புதன்கிழமை எனக்குக் காய்ச்சல், ஆபீஸுக்குப் போகவில்லை. மாலை நாலரை மணி இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு எழுந்து கிளிக்கு மிளகாய் கொடுக்கப் போனாள். ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலுக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள்.

"ஏங்க, கூண்டு அடிக்குதுங்க."

"கிளி கொத்தியிருக்கும்."

"கிளி கொத்துனா தோள்பட்டை வரைக்குமா ஏறும்?"

"சுவிட்ச் அணைஞ்சுதான இருக்கு. பொறவு கரண்டு எங்கன இருந்து வரும்?"

கரண்டு இருந்தால் விரல்கள் மடங்கிப் பற்றிக்கொள்ளும் என்று படித்திருந்ததால், புறங்கையால் கூண்டை லேசாகத் தொட்டேன். என் கை என்னைக் கேட்காமல் பின்னால் பறந்து, முழங்கை நிலையில் மோதியது.

அதற்குப் பிறகுதான் பார்த்தேன். நான் கட்டிய இரண்டாவது முடிச்சுக்குக் கீழே நூலும் ரப்பரும் இல்லை. ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்பு பளபளத்து, கூண்டுக் கம்பியில் படிந்திருந்தது. உள்ளே மரக்குச்சியில் கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு நகர்ந்து வந்து, மிச்ச ரப்பரைப் பிய்க்கத் தொடங்கியது. மின்கம்பியில் உட்காரும் பறவைக்கு, வேறொன்றைத் தொடாத வரை எதுவும் ஆகாது என்று படித்திருக்கிறேன். அந்த "வேறொன்று" எது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் மகள் விரலை நீட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்தது. மணி நாலு முப்பத்தைந்து. பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள்.

"நீ குழாயடிக்குப் போ. புள்ளைய அங்கனயே புடிச்சு வச்சுக்கோ."

"கை மரத்துக் கெடக்குங்க."

"இன்னொரு கையால புடி."

நிலையின் ஓரமாக ஒடுங்கி வெளியேறி அவள் ஓடினாள். சத்தம் கேட்டு எதிர் அறை அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். கூண்டைத் தொடாமல் வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"மெயின் சுவிட்சு மீட்டர் ரூம்லல்லா இருக்கு அண்ணாச்சி? அந்த ரூம்காரரு பூட்டிட்டு, சாபியும் கையுமா மாஹிம் மாதா கோயிலுக்குப் போயிட்டாரு. புதன்கெழம நொவேனா செபம். ஏழு மணியாவும்." பிறகு சுவரைப் பார்த்தார். "இந்த சுவிட்ச ஒருக்க தட்டிப் பாக்கட்டா?"

"தொடாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் கிளியே பிய்ப்பதை நிறுத்தியது. ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நான் பொருத்திய எதன் மேலும் அந்த நிமிடம் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

அக்கா தம் அறையிலிருந்து, உயரக் கொடியில் துணி போடும் மூங்கில் கழியைக் கொண்டுவந்தார்.

"காஞ்சதுதானா?"

"ஒணந்து கெடக்கு. சந்தேகம்னா நக்கிப் பாருங்க."

மர முக்காலியின் மேல் காய்ந்த சாக்கை மடித்துப் போட்டு ஏறினேன். கழியின் நுனியை வயருக்கும் கம்பிக்கும் நடுவே நுழைத்து நெம்பினேன். வயர் அசையவில்லை. என் முடிச்சுகள் அவ்வளவு இறுக்கம். கிளி, விளையாட்டு என்று நினைத்துக் கழியைக் கவ்வியது. உலுக்கி விடுவித்து மறுபடியும் நெம்பினேன். மூன்றாவது நெம்பில் இரண்டு முடிச்சுகள் ஒன்றாக அறுந்தன. வயர் கம்பியை விட்டு விலகித் தொங்கியது. செம்பு தெரிந்த பகுதி வாசலின் நட்டநடுவே, ஒரு குழந்தையின் தலை உயரத்தில், இப்படியும் அப்படியும் ஆடியது.

அப்போது கிளி சொன்னது: "ஸ்தோத்திரம்."

அது மகளைத் தூரத்திலேயே பார்த்துவிடும். ஈரக்கால்கள் கல்லில் தட்டும் சத்தம் எனக்கும் கேட்டது. அம்மாவின் இடது கைப்பிடியிலிருந்து நழுவி ஓடிவந்துகொண்டிருந்தாள். ஆடும் வயரைக் கழியால் துரத்தினேன். ஒரு தடவை தவறியது. இரண்டாம் தடவை மர நிலையோடு சேர்த்து அமுக்கினேன். "நில்லு! வராத!" என்றேன். அவள் நின்றாள். வாசற்படிக்கும் அவளுக்கும் நடுவே ஓரடிதான் இருந்தது. பின்னால் வந்த மனைவி அவளுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"அப்பா, நான் என்ன செஞ்சேன்?" என்று மகள் கேட்டாள்.

அக்கா கழியைச் சணலால் கட்டி நிறுத்திவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. என் முடிச்சை நான் நம்பவில்லை. மீட்டர் அறைக்காரர் மாஹிமிலிருந்து திரும்பி மெயினை அணைக்கும் வரை, காய்ச்சல் உடம்போடு முக்காலியில் நின்று கழியை அமுக்கிக்கொண்டிருந்தேன். மகளை எதிர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கிளி என் காதருகே எத்தனையோ முறை ஸ்தோத்திரம் சொன்னது. யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, குர்லாவில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார்.

"சுவிட்சு கரண்டு வார வயருல இருக்கணும். நீங்க திரும்பிப் போற வயருல மாட்டியிருக்கீய. வெளக்குத்தான் அணையும், கரண்டு அங்கனயேதான் நிக்கும். பொஸ்தகம் படிச்சு மாட்டுனா இப்பிடித்தான் அண்ணாச்சி" என்று சிரித்தார்.

"அன்னைக்கு சுவிட்சத் தட்டியிருந்தா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "கிளி ரெண்டு வயரையும் கடிச்சுல்லா வச்சிருக்கு, பாருங்க. சுவிட்சு அணைஞ்சு கெடந்ததால ரெண்டுலயும் ஒரே கரண்டு, தப்பிச்சுது. கடிச்சிட்டு இருக்கையில தட்டியிருந்தா அந்த நிமிசமே கருகியிருக்கும்."

பத்து நாளும் நாங்கள் விளக்கேற்றிய வேளைகளில், கிளி பிய்க்காமல் மிச்சம் வைத்த ரப்பர்தான் அதைக் காப்பாற்றியிருந்தது.

அந்த வருடம் எங்கள் நட்சத்திரம் பல்ப் இல்லாமல் தொங்கியது. பாட்டுப் பாட வந்த சபைக்காரர்கள், "என்னவே, உம்ம வீட்டு நட்சத்திரத்துக்கு மட்டும் கிரகணமா?" என்று கேலி செய்தார்கள். கூண்டை வயர் எதுவும் எட்டாத உள்சுவருக்கு மாற்றி, மர முளையில் கயிற்றால் தொங்கவிட்டேன்.

மகள் பள்ளிவிட்டு வந்தால் இப்போது கூண்டைவிட்டுத் தள்ளியே நின்றாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கிளி ஸ்தோத்திரம் சொல்லி, தலையைச் சாய்த்து விரலுக்காகக் காத்திருந்தது.

"இப்பம் ஒண்ணும் செய்யாது, தொடு" என்றேன் ஒருநாள்.

"நீங்க மொதல்ல தொடுங்கப்பா."

தொட்டேன். பிறகு அவள் தொட்டாள். அதன்பின் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் விட்டு நான் வரும்வரை அவள் காத்திருப்பாள். அவளுக்குப் பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது, பழக்கத்துக்காகத்தான் கேட்டாள். எனக்குப் போகவில்லை. அந்தச் சுவரில் கரண்டே கிடையாது என்று தெரிந்தும், ஒவ்வொரு மாலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புறங்கையைத்தான் நீட்டினேன்.